வேலிக்குப் பயிரில் பங்கு எழுதிய சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயின் ஆட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயம், எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் கட்டுரை சொல்லும் கதை சரியில்லை. அரசர் நல்ல சட்டம் போட்டாராம், கடல் தாண்டிப் போனவர்கள் அதை மதிக்கவில்லையாம், பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் ஒருவர் மட்டும் தட்டிக்கேட்டாராம். அந்தச் சட்டத்தின் ஷரத்துகளை ஒருமுறை படித்துப் பார்த்தாலே இந்தக் கதை நிற்காது.

முதலில் ஒரு சொல் திருத்தம். ‘என்கோமியெண்டா’ என்பதை நிலமானியம் என்று எழுதி, ஜமீனோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதில் நிலம் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டது ஆட்கள். இன்ன தலைவனும் அவன் கீழுள்ள இத்தனை பேரும் உனக்கு உழைக்க வேண்டும், அல்லது திறை கட்ட வேண்டும். நீ அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லி, பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பத்திரம். இதைத்தான் கீழே ஆள் ஒதுக்கீடு என்று எழுதுகிறேன். நிலத்தை வாங்கியவன் அடுத்த தலைமுறைக்கும் விளைய வேண்டும் என்று நினைப்பான். ஆளை வாங்கியவனுக்கு, அதுவும் அடுத்த ஒதுக்கீட்டில் அந்த ஆள் கைமாறிவிடலாம் என்ற நிலையில், அப்படி நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. எஸ்பான்யோலாத் தீவில், அதாவது இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவில், அங்கிருந்த பூர்வகுடிகளான தைனோ மக்களுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும்.

1511 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. அந்தத் தீவின் தலைநகர் சான்டோ டொமிங்கோவில் தொமினிக்கன் சபைத் துறவி அந்தோனியோ தெ மொன்டெசினோஸ் பிரசங்க மேடை ஏறினார். எதிரே ஆளுநர் தியேகோ கொலோன் (கொலம்பஸின் மகன்), அதிகாரிகள், ஆள் ஒதுக்கீடு பெற்றவர்கள். வனாந்தரத்தில் கூப்பிடுகிற சத்தம் என்ற வேதவசனத்தை எடுத்துக்கொண்டு, இவர்கள் மனிதர்கள் இல்லையா, எந்த உரிமையில் இவர்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று கேட்டார். இதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்தப் பிரசங்கம் ஒரு தனி மனிதரின் ஆவேசம் அல்ல. பேத்ரோ தெ கோர்தொபாவின் தலைமையில் அந்த மடத்துத் துறவிகள் சேர்ந்து எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நன்றாகப் பேசக்கூடியவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அறிக்கை அது. ஆளுநர் மடத்துக்கே போய், அடுத்த ஞாயிறு திரும்பப் பெறச் சொன்னார். அடுத்த ஞாயிறும் மொன்டெசினோஸ்தான் மேடை ஏறினார். முன்பு சொன்னதையே சொல்லி, இனி உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெறும் சடங்கு) கேட்க மாட்டோம், வழிப்பறிக்காரனை எப்படி நடத்துவோமோ அப்படித்தான் உங்களையும் நடத்துவோம் என்று ஒரு படி மேலே போனார். லாஸ் காசாஸ் அப்போது ஆள் ஒதுக்கீட்டில் பிழைத்த பலரில் ஒருவர். 1514இல்தான் தம் ஆட்களை விட்டுக்கொடுத்தார். அந்தப் பிரசங்கம் நமக்குத் தெரிவதே பின்னாளில் அவர் எழுதிவைத்ததால்தான்.

அந்தக் கலகத்தின் விளைவு 1512 டிசம்பர் 27இல் கையெழுத்தான பர்கோஸ் சட்டம், 35 ஷரத்துகள். ‘பூர்வகுடிகளைக் காத்த முதல் சட்டம்’ என்று கட்டுரை பாராட்டுகிறது. சட்டத்தில் நல்ல வரிகள் இருப்பது உண்மைதான். கம்பாலோ சவுக்காலோ அடிக்கக் கூடாது. நாய் என்று கூப்பிடக் கூடாது, அவரவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கர்ப்பிணியை நாலு மாதத்துக்கு மேல் சுரங்கத்துக்கு அனுப்பக் கூடாது. ஆளுக்கு ஒரு தூங்குவலை. ஆண்டுக்கு ஒரு பொன் பேசோ பெறுமான துணி. சுரங்கத்தில் இருப்பவருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் இறைச்சி.

இனி முதல் ஷரத்துகளைப் பாருங்கள். பூர்வகுடிகளைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து, ஸ்பானியர் பண்ணைக்குப் பக்கத்தில் குடிவைக்க வேண்டும். 50 பேருக்கு 4 குடிசை, ஒவ்வொன்றும் 30 அடிக்கு 15 அடி. அந்த 50 பேருக்காக 3,000 மேடு மரவள்ளி, 2,000 மேடு ஆஹே என்ற வள்ளிக்கிழங்கு, 250 மிளகாய்ச் செடி, 50 பருத்திச் செடி, ஒரு டஜன் கோழி, ஒரு சேவல். எல்லாம் தயாரானதும் பழைய ஊரில் அவர்களுடைய குடிசைகளைக் கொளுத்திவிட வேண்டும், திரும்பிப் போக நினைப்பே வரக்கூடாது என்பதற்காக. இதையெல்லாம் அன்பாகச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

கணக்குப் போட்டால் தலைக்கு 60 மேடு மரவள்ளி, 40 மேடு வள்ளி. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மரவள்ளி போட்டவர்களுக்குத் தெரியும், குச்சி நட்டு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தைனோக்கள் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அந்த மேட்டில் நட்டார்கள். களை எடுக்க ஆள் வேண்டும். அவர்கள் அதிகம் பயிரிட்டது கசப்பு மரவள்ளி, விஷமுள்ளது. துருவி, பிழிந்து, சாற்றை வடித்து, ஓட்டில் சுட்டால்தான் ரொட்டியாகும். அது வீட்டிலுள்ள பெண்களின் வேலை. இதே சட்டம் ஆண்களை 5 மாதம் தொடர்ந்து தங்கம் அரிக்க அனுப்பி, 40 நாள் ஓய்வு கொடுத்து, அந்த 40 நாளில் நடவை முடிக்கச் சொல்கிறது. 1513இல் வந்த திருத்தம் ஆண்டுக்கு 9 மாத உழைப்பு என்று நிர்ணயித்தது. பழைய வயல் விட்டுப்போயிற்று, புது வயல் இன்னும் விளையவில்லை, மண் குவிக்க வேண்டியவன் ஆற்றில் சல்லடையோடு நிற்கிறான். சட்டத்தை யாருமே மீறாமல் இருந்தாலும் அடுத்த ஆண்டு பஞ்சம் வந்திருக்கும்.

சரி, மீறினால் யார் பார்ப்பது? ஒவ்வொரு குடியிருப்புக்கும் இரண்டு மேற்பார்வையாளர், ஆண்டுக்கு இரண்டு முறை சுற்று. அவர்களுக்குச் சம்பளம்? ஏற்கெனவே ஒதுக்கீட்டில் வர வேண்டிய ஆட்களோடு கூடுதலாகச் சில பூர்வகுடிகளை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்போம். இங்கே வேலிக்குப் பயிரில் பங்கு என்று பத்திரமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே போனாலும் இதே கதைதான். அரசவையில் இந்த நாடுகளின் விவகாரங்களைக் கவனித்த ஆயர் பொன்சேகாவும் செயலர் கொன்சில்லோஸும் கடலைத் தாண்டாமலே தீவுகளில் ஆள் ஒதுக்கீடு வைத்திருந்தவர்கள். அரசர் நல்லவர், அதிகாரிகள் கெட்டவர்கள் என்று பிரிப்பதற்கு இங்கே இடம் எங்கே இருக்கிறது?

‘மக்கள் தொகை சரிந்தது நோயால்தான்’ என்ற வரிக்கும் ஒரு தேதி சொல்கிறேன். பெரியம்மை எஸ்பான்யோலாவுக்கு வந்தது 1518 டிசம்பரில். நாலு ஆண்டு முன்பு, 1514இல் ஆட்களை மறுபடி பங்கிட எண்ணியபோதே சுமார் 26,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். நோய் பெரும் அழிவைச் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பசித்து, ஊர் கலைந்து, ஆணும் பெண்ணும் மாதக்கணக்கில் பிரிந்து கிடந்தவர்களிடம்தான் அது வந்து சேர்ந்தது.

1513இல் பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட வல்லுநர் தயாரித்த ‘ரெக்கெரிமியெந்தோ’ பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. படையெடுப்புக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டிய அறிவிப்பு அது. உலகைப் படைத்தவர் கடவுள், அவர் சார்பில் போப், போப் இந்த நாட்டை ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்துவிட்டார், ஒப்புக்கொள்ளுங்கள். மறுத்தால் வரும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு, நாங்கள் பொறுப்பல்ல. வாசித்தாயிற்று என்று நோட்டரி சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாசித்தது ஸ்பானிய மொழியில். இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்று லாஸ் காசாஸே எழுதினார்.

லாஸ் காசாஸை மகாத்மாவாக்கும் போது விட்டுப்போகும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1516இல் அவர் அரசுக்குக் கொடுத்த யோசனையில், தீவு மக்களுக்குப் பதிலாக அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று இருந்தது. ஆப்பிரிக்கர்களும் அதில் அடக்கம். அட்லாண்டிக் அடிமை வியாபாரம் அவரால் தொடங்கியதில்லை. ஆனாலும் அவர் அதற்கு ஆதரவாகப் பேசினார். பிற்காலத்தில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்ததும் அதே அநியாயம்தான் என்று உணர்ந்து, தம் வரலாற்று நூலில் தம்மையே கண்டித்து எழுதினார். இந்தப் பகுதியை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கும் மரியாதையில்லை.

1542 நவம்பர் 20இல் வந்த புதிய சட்டங்களில் அவருடைய பங்கு பெரிது. பூர்வகுடிகளை இனி அடிமையாக்கக் கூடாது; அதிகாரிகள், ஆயர்கள், மடங்கள் கையிலுள்ள ஆட்களை உடனே விடுவிக்க வேண்டும்; மற்றவர் கையிலுள்ளது அவர் இறந்ததும் அரசுக்குத் திரும்பும், பிள்ளைக்குப் போகாது. பெருவுக்கு மட்டும் இன்னொரு விதி: அந்த நாட்டை வென்ற பிசாரோ, அல்மாக்ரோ இருவர் தரப்புக்கும் இடையே நடந்த சண்டையில் முக்கியமாகக் கலந்துகொண்டவர்கள் ஆட்களை இழப்பார்கள். அந்தச் சண்டையில் சேராத ஸ்பானியரைப் பெருவில் தேடிப் பிடிக்க வேண்டும்! கொன்சாலோ பிசாரோ தலைமையில் கலகம் வெடித்தது. சட்டத்தை எடுத்துக்கொண்டு போன வைஸ்ராய் பிளாஸ்கோ நுன்யெஸ் வேலா 1546 ஜனவரியில் கீட்டோவுக்கு அருகே போரில் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, 1545 அக்டோபரில், வாரிசு ஷரத்தை அரசர் ரத்து செய்துவிட்டார். மெக்சிகோவில் சண்டையே வரவில்லை. சட்டத்தை அங்கே நிறுத்தி வைத்தார்கள், துறவறச் சபைகளின் தலைவர்களே ஒதுக்கீடு நீடிக்கட்டும் என்று எழுதினார்கள். ‘திருச்சபை எதிர்த்தது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். எதிர்த்தவர்கள் திருச்சபைக்குள்ளும் சிறுபான்மைதான். நிகராகுவா ஆயர் அந்தோனியோ தெ வால்திவியெஸோவை 1550இல் குத்திக் கொன்றது ஆளுநராக இருந்த ரொத்ரீகோ தெ கொன்ட்ரேராஸின் மகன். இந்தக் கொலைக்கும் உங்கள் கட்டுரையில் இடமில்லை.

கட்டுரை அரைப்பக்கம் ஒதுக்கியிருப்பது, பூர்வகுடிகள் மீது போர் தொடுப்பது நியாயமா என்று ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் 1550 - 51இல் நடந்த விவாதத்துக்கு. லாஸ் காசாஸும், போரை நியாயப்படுத்திய அறிஞர் செபுல்வேதாவும் வாதிட்டார்கள், நடுவர்கள் தெளிவான தீர்ப்பு எதையும் தரவில்லை. இவ்வளவுதான். 1573இல் வந்த புதிய விதிகள் ‘வெற்றி’ என்ற சொல்லை நீக்கி ‘சமாதானப்படுத்தல்’ என்று எழுதச் சொல்லின. சொல் மாறியது.

எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகப் படுவது, இன்றைய தெற்கு மெக்சிகோவிலுள்ள சியாப்பாஸின் ஆயராக இருந்தபோது லாஸ் காசாஸ் தம் பாதிரியார்களுக்குக் கொடுத்த 12 விதிகள். ஆள் ஒதுக்கீடு வைத்திருப்பவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால், முதலில் பொது நோட்டரியை வரவழைக்க வேண்டும். தன்னிடம் உள்ளதெல்லாம் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது, ஸ்பெயினிலிருந்து தான் எதுவும் கொண்டுவரவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். சொத்து முழுவதையும் உரியவர்களுக்குத் திருப்பித் தரும் அதிகாரத்தைப் பாதிரியாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிமைகளை அப்போதே விடுவிக்க வேண்டும். பத்திரம் பதிவான பிறகுதான் பாவமன்னிப்பு. மரணப் படுக்கையில் நரகத்துக்குப் பயப்படுபவனிடம் இது எப்படி வேலை செய்யும் என்று யோசியுங்கள். அரசுக்கும் புரிந்தது, 1548இல் பிரதிகளைத் திரும்பச் சேகரிக்க ஆணை வந்தது. சட்டத்தை அமுக்கிவிடலாம், ஆனால் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய சொத்தை மரணப் படுக்கையிலேயே பறிக்கும் பத்திரத்தை விட்டுவைக்க முடியாது.

இனி கட்டுரையில் மருந்துக்கும் இல்லாதவர்கள்: பூர்வகுடிகளே. அவர்கள் அழுதுகொண்டு நின்றதாகவும், ஐரோப்பியர் சிலர் அவர்களுக்காகப் பேசியதாகவும் எழுதுவது பழக்கதோஷம். எஸ்பான்யோலாவில் என்ரிகீயோ என்ற தைனோத் தலைவர், மடத்தில் படித்தவர். தன் குதிரையைப் பறித்து, மனைவியிடம் முறைகேடாக நடந்த ஸ்பானியர் மீது முதலில் முறைப்படி புகார் கொடுத்தார். கிடைத்தது சிறை. அதன் பிறகுதான் 1519இல் பஹோரூகோ மலைக்கு ஏறினார். 1533இல் பேரரசரின் கடிதத்தோடு தூதர் வந்து சமாதானம் செய்துகொள்ளும் வரை அவரைப் பிடிக்க முடியவில்லை.

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் எட்டு ஏடுகள் இருக்கின்றன. சில மரப்பட்டையை அடித்துச் செய்த தாள், சில கற்றாழை நார்த் தாள். 1531இல் மெக்சிகோவின் வெஹோட்சிங்கோ ஊர் நஹுவா மக்கள் வழக்குமன்றத்தில் கொடுத்த சாட்சியம். முந்தைய ஆண்டுகளில் ஆட்சி நடத்திய நூன்யோ தெ குஸ்மானின் குழு தங்களிடம் பிடுங்கியதையெல்லாம் படமாகவே கணக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எண் முறையில் ஒரு கொடி வரைந்தால் 20, மயிர்க்கற்றை போன்ற குறி 400, பை வரைந்தால் 8,000. சோளம், மிளகாய், துணி, செங்கல், சுண்ணாம்பு எல்லாம் அந்தக் குறிகளோடு வரிசையாக நிற்கின்றன. ஒரு ஏட்டில் கன்னி மரியாளும் குழந்தையும் வரைந்த சிறு பதாகை: குஸ்மான் போருக்குக் கொண்டுபோகத் தங்கத் தகடு பதித்துச் செய்யச் சொன்னது. அந்தத் தங்கத்துக்காக விற்கப்பட்ட 20 அடிமைகளும், ஆணும் பெண்ணுமாக, தலை தலையாக வரையப்பட்டிருக்கிறார்கள். இந்த வழக்கில் ஊராரோடு சேர்ந்த வாதி யார் தெரியுமா? எர்னான் கோர்த்தெஸ்! அந்த ஊரின் திறை தனக்கு வர வேண்டியது என்பது அவர் கவலை. மெக்சிகோவை வென்றவனோடே சேர்ந்துகொண்டு அடுத்து வந்தவன் மீது வழக்குப் போட்ட அந்த ஊராரின் சாமர்த்தியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பறித்த திறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று 1538இல் அரசர் தீர்ப்பை உறுதி செய்தார்.

பெருவில் இன்னும் துணிச்சலான ஒன்று நடந்தது. ஆள் ஒதுக்கீட்டைப் பரம்பரை உரிமையாக்கித் தந்தால் பெரும் பணம் தருவதாக ஸ்பானியர் இரண்டாம் பிலிப்பிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசருக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 1559இல் பெருவின் குராக்காக்கள், அதாவது ஊர்த் தலைவர்கள், லாஸ் காசாஸுக்கும் தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சான்டோ தொமாஸுக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பானியர் எவ்வளவு கேட்டாலும் அதைவிட 1,00,000 துக்காத்து (பொற்காசு) கூடுதலாக நாங்கள் தருகிறோம், எங்களை விற்காதீர்கள் என்பது மனு. பரம்பரை உரிமை கிடைக்கவில்லை. மெக்சிகோவில் 1592இல் பூர்வகுடிகளுக்கென்றே தனி நீதிமன்றம் வந்தபோதும் செலவு அவர்கள் தலையில்தான்: திறை கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு அரை ரியால் (வெள்ளிக்காசு). பதிலுக்கு மனுவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மக்கள் அந்த அரை ரியாலைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இன்றைய பொலிவியாவிலுள்ள பொடோசி வெள்ளி மலை பற்றி ‘அடிமைகள் வேலை செய்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெருவாரியாக அங்கே நடந்தது ‘மித்தா’ என்ற கட்டாயக் கூலிமுறை. 1573இல் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ஒழுங்கு செய்தபடி 16 மாநிலங்களிலிருந்து, திறை கட்டும் ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு. ஆகவே ஒரு நேரத்தில் 4,500 பேர். சுரங்கத்துக்குள் நாளுக்கு 3½ ரியால் கூலி. மெழுகுவத்திக்கு அவனே காசு போட வேண்டும். அதைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, முறுக்கிய தோலில் மரப்படி வைத்த ஏணியில் தாதுமூட்டையோடு ஏறி வருவான். சுக்குயித்தோ மாநிலத்திலிருந்து 2,200 பேர் கிளம்பினால், பெண்டு பிள்ளைகளோடு 7,000 பேருக்கு மேல், லாமாக்களை ஓட்டிக்கொண்டு இரண்டு மாத நடை.

இதில் பின்னாளில் வந்த கோளாறுக்கு ஸ்பானியரே வைத்த பெயர் ‘சட்டைப்பை இந்தியர்’. ஊரில் ஆள் குறைந்துவிட்டது, அனுப்ப வேண்டிய எண்ணிக்கை குறையவில்லை. ஆள் கொடுக்க முடியாத குராக்கா அந்த வாரத்துக்கு வெள்ளி கொடுத்தார், அதை வைத்துக் கூலிக்கு ஆள் பிடித்துக்கொள்ளட்டும் என்று. முதலாளி ஆள் பிடிக்காமல் வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டார். தாது தீர்ந்துபோன சுரங்கமும் லாபம் பார்த்தது இப்படித்தான்; சுரங்கத்துக்கு இல்லாத மதிப்பு அதற்கு ஒதுக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கைக்கு இருந்தது. இதை நிறுத்த வேண்டும் என்று 1670இல் வைஸ்ராய் லெமோஸ் பிரபுவே எழுதியும் நிறுத்தவில்லை. ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் மித்தாவை ஒழித்தது 1812இல்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். கைகால் வெட்டப்படும் அந்தக் காட்சி, 1598இல் பிராங்க்பர்ட்டில் தெ பிரை பட்டறை லாஸ் காசாஸின் அறிக்கையின் லத்தீன் பதிப்புக்காகச் செப்புத்தகட்டில் வெட்டியது. தெ பிரை அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவரில்லை. ஸ்பெயினுக்கு எதிரான புராட்டஸ்டன்ட் தரப்பு. படத்தில் இருப்பவர்கள் முகமும் உடலும் கிரேக்கச் சிலை மாதிரி இருப்பது நேரில் பார்க்காமல் வரைந்ததால்தான்.

அடுத்த முறை குவாமன் போமாவின் படத்தைப் போடுங்கள். பெருவைச் சேர்ந்த பூர்வகுடி எழுத்தர். 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு ஏறக்குறைய 1,200 பக்கத்தில் எழுதிய முறையீட்டில் 398 படங்களைத் தன் கையால் வரைந்திருக்கிறார். 1908இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு படத்தில் ஏழை ஒருவன் மண்டியிட்டுக் கும்பிடுகிறான், சுற்றிலும் ஆறு விலங்குகள். பாம்பு மாவட்ட அதிகாரி, புலி வழிச்சத்திரத்து ஸ்பானியன், சிங்கம் ஆள் ஒதுக்கீடு பெற்றவன், நரி பங்குப் பாதிரியார், பூனை நோட்டரி. எலியாக வரைந்திருப்பது அவனுடைய சொந்த ஊர்த் தலைவனை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை